இருபத்திரண்டு இஞ்சு பிரேம்

கிழக்கேகோட்டையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார் அவர். ஒல்லியான ஆள், காதில் பென்சில். யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் காலைத்தான் பார்ப்பார்.

தந்திச் சேவகன் வேலைக்கு மறுநாள் நான் சைக்கிள் ஓட்டிக் காட்டவேண்டும். பாதியில் படிப்பை விட்டவனுக்கு அதைவிட நல்ல வேலை வாய்க்காது. விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. கௌரவமாக இருக்கட்டும் என்று மச்சானின் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய், நாளை ஓட்டிக் காட்டவேண்டும் என்று சொல்லி, உயரமான இருபத்துநாலு இஞ்சு வண்டியைக் கேட்டேன்.

"வேய், நாளைக்கும் பூட்ஸ்தானா?"

"இல்ல அண்ணாச்சி, வெறுங்கால்தான்."

"பின்னே களத்தும்."

கழற்றிவிட்டு ஏறினேன். பெடல் கீழே போனதும் கால் எட்டவில்லை. அவர் சிரிக்கவில்லை. இருபத்திரண்டு இஞ்சு பிரேம் வண்டியை எடுத்துவந்து, என் முழங்கையை சீட்டின் நுனியில் வைக்கச் சொன்னார். விரல்கள் சரியாக ஹாண்டில்பாரைத் தொட்டன.

"இது கொள்ளாம், உமக்குச் சரியான அளவு. கீழ தள்ளாது."

"தள்ளிட்டா?"

"அது உம்ம பயத்துக்க குத்தம், வண்டிக்க குத்தமில்ல."

மறுநாள், "போதும், இறங்கு" என்று அதிகாரி சொன்ன பிறகும் ஒரு சுற்று கூடப் போனேன். வேலை கிடைத்தபின், கோட்டைப் பக்கம் தந்தி வந்தால் சுற்று வழியானாலும் அவர் கடை முன்னால்தான் போவேன்.