பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்ன கிரேசி

எங்கள் கடற்கரையில் கிரேசி என்றால் பாதிப்பேர் யோசிப்பார்கள். 'நெத்திலி' என்றால் வீட்டைக் காட்டுவார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. மீன்பாத்திரத்தைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கிறவள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது, மனம் நோகச் செய்யக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டு, பெற்றோரைச் சேர்த்துக் குழு வைத்தபோது, அவளைத்தான் தலைவியாக்கினார்கள். அவள் மெச்சத்தக்கவள். யார் மறுத்தாலும் நான் மாற்றிச் சொல்லமாட்டேன்.

அந்த வருஷம் மயிலாடியிலிருந்து ராஜகுமார் என்ற கல்வேலைக்காரர் எங்கள் புதுக் கோயில் வேலைக்குக் குடும்பத்தோடு வந்தார். மகள் நந்தனா ஏழாம் வகுப்பில் சேர்ந்தாள். பிள்ளைகள் அவளைக் 'கல்லு' என்றார்கள். "கல்லு ஏறினா வள்ளம் தாழும்" என்று பெஞ்சில் இடம் தர மறுத்தார்கள். பேர் வைத்தவன் கிரேசியின் மகன் ஷிஜின்.

ராஜகுமார் குழுவில் முறையிட்டபோது கிரேசி சிரித்துவிட்டாள்.

"அண்ணாச்சி, இந்தக் கரையில வட்டப்பேரு இல்லாத ஆளு யாரு? பங்குச்சாமியே என்னைய நெத்திலின்னுதான் விளிப்பாரு. பேரு வச்சா நம்ம பிள்ளைன்னு அர்த்தம்."

மறுநாள் நந்தனா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. படிப்பே வேண்டாம், மயிலாடிக்குப் போகிறேன் என்று அழுகிறாள் என்று கேள்விப்பட்டதும், கிரேசி விற்காத மீனோடு அவர்கள் வாசலில் போய் இறங்கினாள்.

"கல்லுன்னா அவ்வளவு கொறச்சலா, மக்கா?" என்று நந்தனாவிடம் கேட்டாள்.

"உங்கள கிரேசின்னு விளிக்கவும் ஆளு உண்டுல்லா? எனக்க பேரு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஆஜர் எடுக்கையில சாரும் நம்பர்தான் விளிக்காரு."

அடுத்த குழுக் கூட்டத்தில் கிரேசி எழுந்து நின்றாள்.

"சிரிச்சது எனக்க தப்பு. பேரு வச்சவன் எனக்க மவன்."

"அப்ப பிரம்ப எடுங்க சார்" என்றார் ஒருவர்.

"அடிக்கப்பிடாதுன்னுதானே சட்டம்? அடி கிட்டினா அவன் அவளயில்லா பகைப்பான்?"

"மவனுக்குன்னா சட்டம் பேசுகா பாரு நெத்திலி!"

"ஊரான் பிள்ளைக்கும் இதுதான் பேசுவேன். சார், இனி நம்பர் வேண்டாம், பேரு விளியுங்க. இவன் தெனமும் அவ வாசல்ல போய்ப் பேரு சொல்லி விளிக்கட்டு."

"அவ வரல்லன்னா?"

"அவ வாறது வரைக்கும் விளிக்கட்டு."

முதலில் கதவு திறக்கவே இல்லை. ஷிஜின் முனகிவிட்டுத் திரும்புவான். தெருமுனையில் பாத்திரத்தோடு நிற்கும் கிரேசி, "எலே, வாய்க்குள்ளயா விளிக்க? ஒறக்க விளி!" என்று திருப்பி அனுப்புவாள்.

ஒரு காலையில் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"கேக்கல்ல. இன்னொருக்க விளி."

"நந்தனா! வாறியா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். அன்றைக்குக் கிரேசி மீனுக்கு விலைபேசிச் சண்டையே போடவில்லை.