அத்தையின் கொய்யாப்பழத்தை அழித்த ஸ்டுடியோ

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் இன்று என் அத்தையைச் சாகடித்துவிட்டார்கள்.

அத்தை என் பக்கத்திலேயேதான் நின்றிருந்தார்.

அவருக்கு ஏழு வயதில், தாத்தா ஓர் ஓவியரை வரவழைத்து வரையச் சொன்ன படம் வீட்டில் இருக்கிறது. முறைக்கும் கண்கள், அவிழ்ந்த ஒற்றைச் சடை, கையில் பாதி கடித்த கொய்யாப்பழம். அதைப் பெரிதாகப் பிரதி எடுக்கக் கொடுத்திருந்தோம்.

பிரதியில் அத்தை சுண்ணாம்பு வெள்ளை. கொய்யாவுக்குப் பதில் ரோஜாப்பூ. உதட்டில், அத்தை இதுவரை யாருக்கும் காட்டாத புன்னகை. படத்தைச் சுற்றி மாலை, கீழே குத்துவிளக்கு.

"எல்லாக் குறையையும் சரி பண்ணிட்டேன் சார். பாப்பா என்னைக்குத் தவறுச்சுன்னு சொன்னா தேதி போட்டுரலாம்" என்றார் கடைக்காரர்.

பழைய படத்தைப் பெரிதாக்க வந்தாலே ஆள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவரது தொழில் அனுபவம்.

"அந்தப் பாப்பா நான்தேன்" என்றார் அத்தை. "நான் உக்கார மாட்டேன்னு ஓடுனதுக்கு, வரைய வந்தவரு தான் திங்க வச்சிருந்த கொய்யாவ எனக்குக் குடுத்து உக்கார வச்சாரு. அதைப் போயி அழிச்சிருக்கியேப்பா?"

சொல்லிவிட்டு முறைத்தார். ஓவியத்தில் இருக்கும் அதே முறைப்பு. அந்த ஓவியர் அதை எவ்வளவு பிரியமாகப் பார்த்து வரைந்திருக்கிறார் என்று எனக்கு இன்றுதான் புரிந்தது. கடைக்காரர் ஓர் அடி பின்னால் போனார்.

ஓவியத்தை மட்டும் வாங்கி வந்துவிட்டோம்.

பிரதியில் இருக்கும் அந்த வெள்ளைப் பாப்பா யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரங்கல் தெரிவிக்க வேண்டும்.