கல் முளைக்கும் தோட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை நடந்தது இது. ரொறன்ரோவில் நான் இருக்கும் டோர்செட் பார்க் அடுக்குமாடிக்குக் கொஞ்சம் தள்ளி, மின்சாரக் கோபுரங்களுக்குக் கீழே நீளமாக ஒரு வெளி கிடக்கிறது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, தோட்டம் செய்ய விரும்புகிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய கோடையில்தான் எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிலவும் நானும் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை எடுத்திருந்தோம்.

நான் பள்ளிக்கூடத்தை நடுவிலேயே விட்டவன். மீசை அரும்பும் வயதில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, சரக்குக் கப்பல், ஜேர்மனியில் உணவகச் சமையலறை, நோர்வேயின் வடக்குக் கரையில் மீன் ஆலை என்று அலைந்து கடைசியில் கனடா வந்து சேர்ந்தவன். மீன் ஆலையில் குளிரில் நின்று நின்று இரண்டு விரல்களுக்கு இன்றும் உணர்ச்சி இல்லை. அங்கே கிடைத்த இன்னொன்று நோர்வே மொழி. பேசுவேன், எழுதத் தெரியாது.

எங்கள் வரிசைத் தமிழர்களில் எல்லோருக்கும் மூத்தவர் ஒரு அன்ரி. எழுபதைத் தாண்டிய மனுசி, வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடச் சுறுசுறுப்பு. வந்த முதல் கோடையிலேயே தன்னுடைய துண்டைக் கொத்தி, மண்ணைக் கம்பிவலையில் அரித்து, ஒரு கல் மிச்சமில்லாமல் பொறுக்கி எறிந்தார். "இப்ப பாரும் தம்பி, உந்த மண்ணிலை பச்சைப்பிள்ளையைக் கிடத்தலாம்" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவரைப் பார்த்து நாங்களும் அப்படியே செய்தோம். கத்தரியும் பயித்தங்காயும் நன்றாகவே காய்த்தன. இலையுதிர் காலத்தில் அன்ரி ஒரு பாத்திக்கு எருப் போட்டு, மேலே மழை புகாத நீலத் தறப்பாள் விரித்து, நான்கு பக்கமும் கட்டை அடித்து நைலோன் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். அடுத்த மே மாதம் கன்று நடும் நாளில்தான் அதை அவிழ்ப்பதாகத் திட்டம்.

பனி உருகிய பிறகு நாங்கள் போய்ப் பார்த்தால், எங்கள் துண்டுகள் முழுக்கக் கல். முஷ்டி அளவிலும் தேங்காய் அளவிலும் மண்ணுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு கிடந்தன. அரித்த மண்ணில் எப்படிக் கல் வந்தது?

எங்களுக்கு அடுத்த துண்டு ஒரு வெள்ளைக்காரப் பெரியவருடையது. தொண்ணூறை நெருங்கும் வயது. யாரோடும் பேசமாட்டார். அவருடைய மண் சீப்பால் வாரியதுபோலச் சுத்தமாக இருந்தது. எங்கள் எல்லையை ஒட்டி அவர் பக்கத்தில் ஒரு பெரிய கற்குவியல். போதாததற்கு, எங்கள் வரிசையில் இருந்த ஒரு அண்ணை, ஏப்ரல் மாதம் அந்தப் பெரியவர் வாளி நிறையக் கல்லோடு எங்கள் எல்லையில் நின்றதைக் கண்ணால் கண்டிருக்கிறார்.

"நான் கண்டனான் அன்ரி. உவர்தான் கொண்டுவந்து கொட்டினவர். தமிழாக்கள் வந்திட்டினம் எண்ட எரிச்சல்" என்றார் அண்ணை.

அன்ரி நேரே போய்ப் பெரியவரிடம் தன்னுடைய ஆங்கிலத்தில் கேட்டார். பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "இங்கே கல் முளைக்கும்" என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார்.

அன்ரிக்கு முகம் சிவந்துவிட்டது. "பாத்தியளே பகிடியை! கல்லு முளைக்குமாம். எங்களை என்ன, விசரர் எண்டு நினைச்சிட்டாரோ?"

அடுத்தவர் துண்டில் குப்பையோ கல்லோ கொட்டினால் நிலத்தைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். அது அந்தத் தோட்டத்தின் கண்டிப்பான விதி. அண்ணை தோட்டக் குழுவின் தலைவியிடம் முறையிட்டுவிட்டார். அண்ணையின் மச்சான் ஒருவர் நிலத்துக்காகக் காத்திருந்ததும் அந்த அவசரத்துக்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த சனிக்கிழமை தலைவி நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடானது.

இடையில் ஒரு நாள் பின்னேரம் வேலை முடிந்து நான் தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். பெரியவர் ஒரு கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கல்லை நெம்பிய இரும்பு அலவாங்கு வழுக்கியது. வாய்விட்டு ஒரு வசை சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது நோர்வேயின் வடக்குக் கரைக்காரர்கள் சொல்லும் வசை. மீன் ஆலையில் நான் முதலில் படித்ததே அதைத்தான். நான் அதே மொழியில், "ஐயா, அந்தக் கல்லுக்கு நோர்வே மொழி விளங்காது" என்றேன்.

பெரியவர் அலவாங்கைக் கீழே போட்டுவிட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் நிறத்துக்கும் என் வாயில் வந்த பேச்சுக்கும் அவரால் கணக்குப் பார்க்க முடியவில்லை. பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, உட்கார் என்று கை காட்டினார். மனைவி இறந்த பிறகு அந்த மொழியில் தன்னோடு யாரும் பேசவில்லை என்றார்.

அன்று அவர் சொன்ன கதை இது. நோர்வேயில் அப்பாவின் காணி மலைச்சரிவில் ஒரு துண்டு. அது மூத்த அண்ணனுக்கு. இவர் இளையவர். கனடாவில் காடு வெட்டுகிறவனுக்கு அரசாங்கம் காணி கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு, இருபது வயது தாண்டியதும் கப்பலேறிவிட்டார். ஆல்பேர்ட்டாவின் வடக்கில், புல்வெளியும் காடும் கலந்த இடத்தில், நூற்றறுபது ஏக்கர் கிடைத்தது. ஒரு நிபந்தனை. அங்கேயே குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், குறித்த காலத்துக்குள் இவ்வளவு நிலத்தை உழுது விதைத்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் பறித்துவிடுவார்கள்.

மரக்குற்றிகளை அடுக்கி ஒரே ஒரு அறை கட்டினார். இடுக்குகளில் பாசியை அடைத்தார். அப்படியும் குளிர்காலத்தில் சுவரில் அடித்த ஆணிகளின் தலையில் உள்ளேயே வெண்பனி பூக்குமாம். நோர்வேயிலிருந்து மனைவி வந்து சேர்ந்தார். ரொட்டிக்குப் பிசைந்த மா குளிரில் பொங்காது என்பதால், மனைவி அதைத் துணியில் சுற்றிப் படுக்கைக்குள் எடுத்துக்கொண்டு படுப்பாராம். முதல் கோதுமை முற்றுவதற்குள் உறைபனியில் கருகியது. அடுத்த போகத்தை ஆலங்கட்டி அடித்தது. இதையெல்லாம் பெரியவர் நேற்றுப் பெய்த மழையைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை கல்தானாம். ஒவ்வொரு வசந்தத்திலும் நிலத்துக்கு அடியிலிருந்து கல் மேலே வரும். குளிரில் மண்ணிலுள்ள ஈரம் உறைந்து பருத்து அடியில் கிடக்கும் கல்லைத் தூக்கிவிடும். உருகும்போது கல் பழைய இடத்துக்கு இறங்காது, அதன் கீழே மண் விழுந்து நிரம்பிவிடும். சக்கரமில்லாத ஒரு பலகைச் சறுக்கைக் குதிரை இழுக்க, அவரும் கர்ப்பிணி மனைவியும் இரு பக்கமும் நடந்து கல் பொறுக்கி அதில் போடுவார்களாம். நிலத்தைப் பார்க்க அதிகாரி வந்த அன்றும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அதிகாரி நிலத்தைப் பார்க்காமல் அவர்கள் பொறுக்கிய கற்குவியலைப் பார்த்துவிட்டு, காணி உன்னுடையது என்றாராம்.

மனைவி போன பிறகு மகளோடு இருக்க ரொறன்ரோவுக்கு வந்தார். இப்போது அவருக்கென்று இருக்கும் மண் இந்த ஒரு துண்டுதான். "இதையும் எடுத்தால் நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து பஸ் பார்க்க வேண்டியதுதான்" என்றார்.

நான் நோர்வேயில் வருடக்கணக்கில் இருந்தும் மண்ணைத் தொட்டதில்லை. மீனைத்தான் தொட்டேன். அவர் சொன்னதை நம்பினேன், ஆனால் எங்கள் ஆட்களை நம்பவைக்க முடியவில்லை. "கல்லு மண்ணுக்குள்ளை அரைவாசி தாண்டு புதைஞ்சு கிடக்குது அன்ரி, மேலை கொட்டின கல்லு அப்பிடிக் கிடக்காது" என்று சொல்லிப் பார்த்தேன்.

"மழைக்குத் தாண்டிருக்கும். அந்தாள் உமக்கு நோர்வேக் கதை சொல்லி மயக்கிப்போட்டுது" என்று அன்ரி என் வாயை அடைத்தார்.

சனிக்கிழமை வந்தது. தலைவி ஜமேக்காவிலிருந்து வந்த பெண்மணி, நிதானமானவர். வரிசை முழுவதும் கூடிவிட்டது. பெரியவருக்குக் கோபம் வந்தால் ஆங்கிலம் போய்விடும், காதும் மந்தம். அதனால் என்னைத் தன் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார். அவர் நோர்வே மொழியில் சொல்ல, நான் தலைவிக்கு ஆங்கிலத்தில் சொல்லி, அன்ரிக்குத் தமிழில் சொன்னேன். வாழ்க்கையில் அதுவரை நாலு பேர் கூடின இடத்தில் அவர்கள் உட்காரக் கதிரை அடுக்கியிருக்கிறேனே தவிர, பேசியதில்லை. பேசப் பேசப் பிடிபட்டுவிட்டது.

அண்ணை வாளியைக் கண்ட கதையைச் சொன்னார். தன் நிலத்தில் பொறுக்கிய கல்லைத் தன் குவியலில் கொட்டத்தான் அங்கே நின்றதாகப் பெரியவர் சொன்னார். தலைவி கற்குவியலைப் பார்த்தார், எங்கள் நிலத்தைப் பார்த்தார், உதட்டைக் கடித்துக்கொண்டார். அவர் பெரியவருக்கு எதிராகச் சாய்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது.

அப்போது பெரியவர் என் கையைப் பிடித்து, நீலத் தறப்பாளைக் காட்டி, "அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்த அம்மாவிடம் கேள்" என்றார்.

கேட்டேன். அன்ரிக்குக் கோபம். "அதுக்குள்ளை என்ன கிடக்கு? நான் கையாலை அரிச்ச மண். நான் கட்டின கட்டு. ஆரும் தொடேல்லை."

"அவிழ்த்துப் பார்க்கச் சொல். உள்ளே கல் இல்லாவிட்டால் என் துண்டை இப்போதே விட்டுவிடுகிறேன்" என்றார் பெரியவர்.

நான் அதை உடனே மொழிபெயர்க்கவில்லை. மெதுவாக, "உறுதியாகத் தெரியுமா?" என்று அவரிடம் கேட்டேன். "தெரியாது. சில வருடம் நிறைய வரும், சில வருடம் குறைய வரும். நீ சொல்" என்றார். சொன்னேன்.

அன்ரி முழங்காலில் குந்தி முடிச்சுகளைப் பார்த்தார். "என்ரை முடிச்சுத்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக அவிழ்த்தார். பனியில் நனைந்து காய்ந்த நைலோன் லேசில் இளகவில்லை, பல்லாலும் கடித்தார். பெரியவரின் கை என் கையை விடவில்லை. அந்தப் பிடி அப்படி ஒரு பிடி.

தறப்பாள் விலகியது. எருவுக்கு நடுவில், உடைத்த தேங்காயைக் கவிழ்த்து வைத்ததுபோல, கல் தலை நீட்டிக்கொண்டிருந்தது. தள்ளி இன்னொன்று. ஓரத்தில் சின்னதாக நிறைய.

அன்ரி குனிந்து பெரிய கல்லைப் பிடுங்கினார். அது இருந்த இடத்தில் அச்சு வார்த்ததுபோல ஒரு பள்ளம். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெரியவரை நிமிர்ந்து பார்த்து, "இதை அண்டைக்கே விளக்கமாச் சொல்லியிருக்கலாம்தானே!" என்றார்.

மொழிபெயர்த்தேன். "நான் சொன்னேனே, கல் முளைக்கும் என்று" என்றார் பெரியவர்.

தலைவிதான் முதலில் சிரித்தார். பிறகு அண்ணையைத் தவிர எல்லோரும் சிரித்தோம். பெரியவரின் துண்டு பெரியவருக்கே என்று தலைவி அந்த இடத்திலேயே சொல்லிவிட்டார். பெரியவர் நன்றி சொல்லவில்லை. தன் வாளியை எடுத்துவந்து அன்ரியின் பாத்தியில் வைத்தார். அன்ரி கையிலிருந்த கல்லை அதற்குள் போட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அன்ரியின் கதையும் தெரிந்தது. காட்டு மரத்தின் அடிக்கட்டையை எப்படிப் பிடுங்கினார் என்று பெரியவரிடம் கேட்கச் சொன்னார். ஏன் அன்ரி என்றேன். அவரும் கணவரும் கல்யாணம் முடித்த புதிதில் வன்னியில் அரசாங்கக் காணி எடுத்துக் காடு வெட்டியவர்களாம். "விதைக்காமல் விட்டால் பறிப்பம் எண்டு எங்களுக்கும் சொன்னவங்கள். எங்களுக்குக் கல்லில்லை, யானை" என்றார். இதை நான் சொன்னதும் பெரியவர் தொப்பியைக் கழற்றினார். யானைக்கு என்ன செய்தீர்கள் என்று அவர் கேட்க, அடிக்கட்டைக்கு என்ன செய்தீர்கள் என்று அன்ரி கேட்க, மத்தியானம் வரை எனக்கு மூச்சுவிட நேரமில்லை. அடிக்கட்டையைச் சுற்றித் தோண்டி வேரை ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும் என்று இருவரும் இரண்டு மொழியில் ஒரே கைச்சைகையோடு எனக்கு விளங்கப்படுத்தினார்கள்.

இப்போது ஒவ்வொரு மே மாதமும் கன்று நடுவதற்கு முன்னால் எங்கள் வரிசை முழுவதும் ஒன்றாகக் கல் பொறுக்குகிறது. அண்ணையும் வருகிறார். பெரியவர் கதிரையில் இருந்தபடி எங்கே கல்லைப் பொறுக்காமல் விட்டோம் என்று கைத்தடியால் காட்டுகிறார். போன வருடம் நான் அவரிடம் ஒன்று கேட்டேன். கோதுமை கருகிய வருடத்திலோ ஆலங்கட்டி அடித்த வருடத்திலோ அந்த நிலத்தை விட்டுப் போக நினைக்கவில்லையா? நினைத்தோம் என்றார். "ஆனால் அதற்குள் அந்த மண்ணிலிருந்து நிறையக் கல் எடுத்துவிட்டோம். வேறு யாருக்கு அதை விட்டுக்கொடுப்பது?"

ஓரிடத்தில் கஷ்டம் திரும்பத் திரும்ப வந்தால் இது நமக்குரிய இடமல்ல என்று பையைத் தூக்குவதுதான் அதுவரை என் பழக்கமாக இருந்தது. இப்போது பனி உருகியதும் முதல் ஆளாகப் போய், என் துண்டில் புதிதாகத் தலை நீட்டிய கல்லை இழுத்தெடுத்து, உணர்ச்சியில்லாத விரல்களால் அதன் மண்ணைத் தட்டும்போது, இது என் மண் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை நான் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை, குனிந்து பொறுக்கிச் சம்பாதித்தேன் என்று நெஞ்சு நிமிர்கிறது.