அளக்காமல் வெட்டிய வட்டம்

குடல் புண் முற்றிப்போய் அறுவை சிகிச்சை செய்து, சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே எடுத்து வைத்தார்கள். அதன்மேல் மலம் சேர ஒரு பை. பையின் ஒட்டில் குடல் முனை நுழையும் அளவுக்கு நாமே ஓட்டை வெட்டி, வயிற்றுத் தோலில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாதம் பசுமலையில் நான் கணக்குப் பாடம் எடுக்கும் பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். பையோடு பழகிவிட முடிந்தது. அதைச் சுற்றியிருந்த தோலோடுதான் முடியவில்லை.

முதலில் அரித்தது. பிறகு மிளகாய் அரைத்த கையை வைத்ததுபோல் எரிந்தது. செல்லூர் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் பாவாடை நாடா அழுத்துகிற இடத்தில் வியர்த்து, பையின் ஒட்டு கிளம்பத் தொடங்கிவிடும்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். அம்மா தேங்காயெண்ணெய் என்றாள், நாத்தனார் முகப்பவுடர் என்றாள். இரண்டையும் செய்தேன். எண்ணெய்த் தோலில் எது ஒட்டும்? பத்தாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது பை கழன்றது. முந்தானையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, வயிற்றுவலி என்று சொல்லி ஆட்டோ பிடித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். வெட்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். சொன்னதையெல்லாம்தானே செய்கிறேன்?

டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "செவப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும்மா" என்று ஒரு களிம்பு எழுதிக்கொடுத்தார். களிம்பின்மேலும் பை நிற்கவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடச் சின்னவள், மூன்று வருடமாகப் பை வைத்திருப்பவள். நான் இடுப்பைப் பிடித்தபடி நெளிவதைப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள்.

"எரியுதாக்கா? ஓட்டைய எந்த அளவுக்கு வெட்டுறீங்க?"

"இங்க அட்டையில வரைஞ்சு குடுத்த அளவுக்குத்தான்."

"அது எப்பக் குடுத்தது?"

"ஆபரேசன் முடிஞ்சு வீட்டுக்கு விடும்போது."

"அதுக்கப்புறம் அளக்கவே இல்லையா? வீக்கம் வத்தி அது சின்னதாப் போயிருக்கும்க்கா. சுத்தி வெறுந்தோலு கிடக்கும். குடல்லருந்து வர்றது அம்புட்டும் அதுமேல பட்டுக்கிட்டே இருந்தா வேகாம என்ன செய்யும்?"

கழிப்பறைக்கு அழைத்துப்போய்ப் பார்த்தாள். அவள் சொன்னது சரி. குடல் முனைக்கும் ஒட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குத் தோல் வெந்து கிடந்தது.

வீட்டில் என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, அந்தப் பழைய அட்டையை வைத்து நகவெட்டுக் கத்தரியால் இருபது ஒட்டுகளை வெட்டி அடுக்கியிருந்தார். எனக்காக அவர் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தார்.

"அளவு தப்புங்க" என்றேன்.

"அம்புட்டையும் தூக்கிப் போடச் சொல்றியா?"

"என் தோலு போச்சே, அது பரவாயில்லையா?"

மறுநாள் காலை, நான் எதுவும் சாப்பிடுவதற்கு முன், குடலிலிருந்து அதிகம் வராத நேரமாகப் பார்த்து, அவரே புது அட்டையோடு வந்து அளந்தார். குடல் முனையைச் சுற்றி நூலிழை இடைவெளி மட்டும் விட்டு வெட்டினார். பழைய ஒட்டைப் பிய்த்து இழுக்காமல், தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மெல்ல உரித்தேன். சோப்பு, எண்ணெய் எதுவும் இல்லை. வெறும் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, ஈரம் போக ஆறவிட்டேன். அரிப்பு தொடங்கினாலே மாற்றிவிட வேண்டும், ஒழுகும்வரை காத்திருக்கக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள்.

பத்து நாளில் சிவப்பு அடங்கியது. டாக்டரிடம் சொன்னபோது, "அளக்கணும்னு நர்ஸ் சொல்லியிருப்பாங்களே" என்றார்.

"யாரும் சொல்லலை சார்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தோல் ஆறிவிட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.