மண்டபம் கரையில் நான் பொறுக்கிய மஞ்சள் நூல்

போன வாரம் அமாவாசையை ஒட்டி வந்த சனி, ஞாயிறில் நானும் மகள் தர்ஷினியும் மண்டபம் போய் வந்தோம். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஓடு இல்லாத கடல் நத்தைகளைச் செல்போனில் பார்த்துப் பார்த்து, நேரில் பார்த்தே தீருவேன் என்று ஒரே அடம். நான் திருப்பூரில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. நீச்சல் தெரியாது. கடலுக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் சமையலறை உப்பு மட்டும்தான். மனைவி வேலை செய்யும் கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம் என்பதால், பொறுப்பு முழுக்க என் தலையில் விழுந்தது.

சனி காலை எட்டரைக்குக் கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ். இரண்டு பேருக்கு முந்நூற்று இருபது ரூபாய். அவிநாசிபாளையம் தாண்டுவதற்குள் மனைவியின் முதல் போன் வந்துவிட்டது. பிள்ளையைத் தண்ணீருக்குள் விடக்கூடாது, நான் எதையும் தொட்டு வைக்கக்கூடாது என்று இரண்டு உத்தரவு. தாராபுரம், திண்டுக்கல் வழியாக மதுரை சேர மதியம் ஒன்றரை. அங்கிருந்து ராமேஸ்வரம் பஸ்ஸில் இருநூற்று அறுபது கொடுத்து, ஆறு மணிக்கு மண்டபத்தில் இறங்கினோம். மொத்தம் முந்நூற்று முப்பது கிலோமீட்டர் இருக்கும். ரூம் ஆயிரத்து இருநூறு.

ஞாயிறு காலை ஆட்டோக்காரரிடம் வாய் தவறி, கடல் அட்டை பார்க்க வந்திருக்கிறோம் என்று சொல்லித் தொலைத்தேன். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"அட்டையா? அது புடிக்கக் கூடாத உசுரு, தொட்டாலே கேசுண்ணே. உள்ள புடிச்சுப் போட்ருவாக."

அது வேறு, இது நத்தை, கடல் முயல் என்று மகள் விளக்கிய பிறகுதான் வண்டி நகர்ந்தது. நான் மட்டும் வழியில் போலீஸ் ஜீப் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆறரைக்குத் தண்ணீர் நன்றாக வற்றி, பாறைப் பள்ளங்களில் கணுக்கால் அளவுதான் நின்றது. மகள் குனிந்த தலை நிமிராமல் முன்னால் போனாள். நான் கடலுக்கு ஒரு கண்ணும் அவளுக்கு ஒரு கண்ணுமாக, செருப்பு வழுக்க வழுக்கப் பின்னால் போனேன். ஒரு பள்ளத்தில் பாசியோடு சிக்கலாக மஞ்சள் நூல் ஒட்டிக் கிடந்தது. நம் ஊர் நூல் வேஸ்ட் இங்கேயும் வந்துவிட்டதே என்று கூச்சமாகப் போய்விட்டது. இழுத்தேன். பாதி பாறையிலேயே நின்றது, பாதி கையோடு வந்தது. விரலில் உருட்டிப் பார்த்து, தடிமன் இருபதாம் கவுண்ட், பாலியஸ்டர் கலந்தது என்று தீர்ப்பும் சொன்னேன். மகள் திரும்பாமலே "ம்" என்றாள். காலி முறுக்குக் கவரில் போட்டுக்கொண்டேன். கரையைச் சுத்தம் செய்த பெருமை வேறு.

ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் கூப்பிட்டாள். உள்ளங்கை அகலத்தில் பழுப்பாக ஒரு பிராணி, முயல் காது போல இரண்டு கொம்போடு பாசி மேய்ந்துகொண்டிருந்தது. அழகாகத்தான் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதன் உடம்பிலிருந்து மஞ்சளாக நூல் வந்துகொண்டிருந்தது.

மகள் அதைப் பார்த்தாள். என் கையிலிருந்த கவரைப் பார்த்தாள்.

"அப்பா, அது நூல் இல்லீங்கப்பா. முட்டைங்க."

கவருக்குள் பார்த்தேன். முறுக்குத் தூள் ஒட்டி, வெயிலில் சூடேறிக் கிடந்தது. இங்கேயே போட்டுவிடலாமா என்றேன். எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்றாள். எந்தப் பள்ளம் என்று எனக்குத் தெரிந்தால்தானே? எல்லாப் பள்ளமும் ஒன்று போலத்தான் இருந்தது. இதற்குள் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்தது. பாசி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கரைக்குத் திரும்பிக்கொண்டே, எதைத் தேடுகிறோம் என்று கேட்டார். முட்டையைத் திருடிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? செருப்பு என்றேன். அவர் என் இரண்டு காலையும் பார்த்தார். "ரெண்டும் போட்ருக்கீகளேண்ணே. தண்ணி ஏறுது, பிள்ளையக் கூட்டிக்கிட்டு வெரசா வெளியேறுங்க."

தண்ணீர் முழங்காலுக்கு ஏறிவிட்டது. போய்விடலாம் என்று நான் கெஞ்ச, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அவள் பள்ளம் பள்ளமாகப் பார்த்தாள். கடைசியில் அறுந்த மீதியை அவளே கண்டுபிடித்தாள். தூளை அலசி, மீதியோடு சேர்த்துப் பாசிக்கு அடியில் செருகி வைத்தாள். ஒரு நிமிடம் அது அலையில் ஆடியது. அப்புறம் கலங்கலில் தெரியவில்லை.

"பொரிக்குமுங்களாப்பா?"

பொரிக்கும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "தெரியல சாமி" என்றேன். மதுரை வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிக்குமாம், அதை மட்டும் சொன்னாள்.

போகிறவர்களுக்கு: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய காலைகள் நல்லது. தண்ணீர் எப்போது வற்றும் என்று முந்தின நாளே மீன்பிடிக்கிறவர்களிடம் கேட்டுவிடுங்கள். தேய்ந்த செருப்பு வேண்டாம். ஆட்டோவில் அட்டை என்ற பேச்சையே எடுக்காதீர்கள். இரண்டு பேருக்கு எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடியும். குப்பை பொறுக்கும் நல்ல மனசு இருந்தால் பாட்டிலும் கவரும் பொறுக்குங்கள். நூல் மாதிரி எதைப் பார்த்தாலும், முக்கியமாக நம் ஊர்க்காரர்கள், கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொரு உதவி. இந்த வாரம் அங்கே போகிறவர்கள் பாறைப் பள்ளங்களில் பாசிக்கு அடியில் மஞ்சளாக ஏதும் தெரிகிறதா என்று, தொடாமல், பார்த்து எழுதுங்கள். வெறும் பாசிதான் இருந்தாலும் எழுதுங்கள். பொரித்துப் போய்விட்டது என்று அவளிடம் சொல்லிக்கொள்கிறேன்.