எட்டாவது ஃபாரம்

என் பெரியம்மாவை வேலை செய்யும் இடத்தில் எல்லோரும் 'எட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். "எட்டு வந்தாச்சா?" "எட்டுகிட்ட கத்தரிக்கோல் இருக்கு பாரு." வீட்டில் வைத்த பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

அவள் புத்தகம் பைண்டு செய்யும் கூடத்தில் தாள் மடிப்பவள். அச்சகத்திலிருந்து அகலமான தாள்கள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். ஒரு தாளில் முன்னும் பின்னுமாகப் பதினாறு பக்கங்கள் அச்சாகியிருக்கும். சில பக்கங்கள் நேராக, சில தலைகீழாக. மூன்று முறை மடித்தால் எல்லாம் வரிசைக்கு வந்துவிடும். அப்படி மடித்ததற்கு ஃபாரம் என்று பெயர். எல்லா ஃபாரங்களையும் வரிசையாக அடுக்கித் தைத்து, அட்டை ஒட்டி, ஓரம் வெட்டினால் புத்தகம்.

தாள்கள் ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாது என்பதற்காக மேஸ்திரி ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். ஒருத்திக்கு ஒரு ஃபாரம். மறுஅச்சு வந்தாலும் அதே ஃபாரம் அதே ஆளுக்குத்தான் போகும். அந்தக் கூடத்துக்கு வருடம் தவறாமல் வந்த புத்தகம், ஒரு பழைய அமெரிக்க நாவலின் மொழிபெயர்ப்பு. கல்லூரியில் பாடமாக வைத்திருந்தார்கள். அதில் பெரியம்மாவுக்கு வாய்த்தது எட்டாவது ஃபாரம்.

மடிக்கிற பெண்களில் படிக்கத் தெரிந்தவர்கள் கை ஓடும்போதே கண்ணையும் ஓட விடுவார்கள். அதனால் அந்த நாவல் கூடம் முழுவதும் துண்டு துண்டாகத் தெரிந்திருந்தது. முழுதாக யாருக்கும் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் பேச்சே இதுதான்.

"மூணு, உன் ஃபாரத்துல அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு. மாப்பிள்ளை ஒரு சோம்பேறி. என் வீட்டுக்காரன் மாதிரியே இருக்கான்."

"கவலைப்படாதே, ஏழாவதுல செத்துடுவான்."

"அவன் செத்துடுவான், சரி. இவனை எந்த ஃபாரத்துல போடறது?"

எட்டாவது ஃபாரத்தில், கணவனைப் புதைத்துவிட்டு வந்த கதாநாயகி ஒற்றை ஆளாக நிலத்தை உழுகிறாள். குதிரை நொண்டுகிறது. அவளுக்குக் காய்ச்சல். கடன்காரன் வாசலில் வந்து நிற்கிறான். துப்பாக்கியைக் கையில் எடுக்காமலே, வெறும் பார்வையால் அவனைத் திருப்பி அனுப்புகிறாள். கடைசிப் பக்கத்தில் பக்கத்துப் பண்ணைக்காரி வண்டி கட்டிக்கொண்டு, ஒரு பாத்திரம் நிறையச் சூப்போடு வருகிறாள். "கொஞ்ச நாள் எங்களோடு இரு" என்கிறாள். அதற்கு இவள், "எனக்கு இரண்டு கை இருக்கிறது. மூன்றாவது கை வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறாள். பண்ணைக்காரி வண்டியைத் திருப்புகிறாள். ஃபாரத்தின் கடைசி வரி இது: 'கதவைச் சாத்திவிட்டு அவள்'. அவ்வளவுதான். மீதி வாக்கியம் ஒன்பதாவது ஃபாரத்தில்.

மடித்து முடித்ததும் ஃபாரத்தின் கடைசிப் பக்கம் வெளியே தெரியும். தேய்ந்து வழவழத்த மரத் துண்டால் மடிப்பை அழுத்தும்போதெல்லாம் பெரியம்மா கண்ணில் பட்டது அந்த வரிதான்.

ஒன்பதாவது ஃபாரம் மடிப்பவளுக்கு எழுத்துத் தெரியாது. வாய் மட்டும் ஓயாது. "ஒன்பது, கதவைச் சாத்திட்டு அவ என்னடி பண்ணா?" என்று கேட்டால், "எனக்கென்ன தெரியும்? என் ஃபாரம் பூரா எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு" என்பாள்.

மேஸ்திரி ஒருமுறை ஓரம் நசுங்கிய பிரதி ஒன்றைப் பெரியம்மாவிடம் நீட்டியிருக்கிறார். "எடுத்துட்டுப் போய் முழுசாத்தான் படியேன்." அவள் வாங்கவில்லை.

"வேணாம் மேஸ்திரி. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"கதவைச் சாத்திட்டுப் பின்பக்கமாப் போய் மறுபடியும் ஏரைப் பிடிச்சிருப்பா. வேற என்ன பண்ணுவா அவ?"

அவள் அந்த வாக்கியத்தைத் தானாக முடித்துக்கொண்டாள். அதன்படி வாழவும் செய்தாள். பெரியப்பா லாரி ஓட்டியவர். முதுகில் அடிபட்டுப் படுக்கையில் விழுந்த பிறகு அவரைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, திட்டு வாங்கி, அப்புறம் கூடத்துக்கு ஓடி மடித்தாள். அவர் போன அன்று அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. எல்லோரும் கிளம்பியதும் என் அம்மா, "அக்கா, நீ எங்களோட வந்து இருந்துடு. ரெண்டு தெரு தள்ளித்தானே?" என்று கையைப் பிடித்தாள். பெரியம்மா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டு கை இருக்குடி. மூணாவது எதுக்கு?"

அம்மாவுக்கு அது நாவலில் வரும் பேச்சு என்று தெரியாது. அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

அதற்குப் பிறகு பெரியம்மாவுக்குத் தைரியசாலி என்ற பெயர் நிலைத்துவிட்டது. நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே அந்தப் பெயர்தான். அது சுற்றியிருந்த எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அவசர வேலை வந்தால் மேஸ்திரி கூடுதலாக ஒரு கட்டுத் தாளை அவள் மேசையில் வைப்பார்: "எட்டு இருக்கா, பார்த்துக்குவா." மாடி வீட்டுக்காரர்கள் தண்ணீர்க் குடத்தை அவளைத் தூக்கித் தரச் சொல்வார்கள். தைரியசாலிக்கு வலிக்குமா என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவளுக்கே கோபம் வரும்.

வலித்திருக்கிறது. அதை முதலில் கண்டுபிடித்தது அம்மா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போனவள், அவள் கொடியில் துணி உலர்த்துவதைப் பார்த்தாள். இடது கையால் மட்டும் உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கை உடம்போடு ஒட்டியே இருந்தது.

"கையைத் தூக்கு, அக்கா."

"எதுக்கு?"

"தூக்கேன்."

தோள் வரைக்கும்தான் வந்தது. அம்மா விடவில்லை. உள்ளே இழுத்துக்கொண்டு போய் ரவிக்கையைத் தளர்த்திப் பார்த்தாள். அக்குளுக்குக் கீழே, மார்பின் ஓரத்தில், கல் மாதிரி ஒரு கட்டி. தோல் சிவந்து சுருங்கியிருந்தது.

"எத்தனை நாளா இருக்கு இது?"

"இருக்கு கொஞ்ச நாளா. நீ எதுக்கு முகத்தை இப்படி வெச்சுக்கறே? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"நாளைக்குக் கடைசிக் கட்டு மடிக்கணும். லாரி வருது."

"லாரி போகட்டும் அக்கா!"

"கத்தாதே. பக்கத்து வீட்டுல கேக்கும். எனக்கு ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லை."

அம்மா கெஞ்சினாள், திட்டினாள், ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பெரியம்மா வலது கை வேலையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். மடிப்பு கோணலாக விழ ஆரம்பித்தது. மேஸ்திரி ஒரு ஃபாரத்தைத் தூக்கிக் காட்டி, "என்ன எட்டு, தூக்கத்துல மடிச்சியா? பக்க எண்ணெல்லாம் படி ஏறுது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவும் சிரித்தாள். கோணலாக விழுந்ததையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் பிரித்து மறுபடி மடித்தாள்.

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு நான் அந்தக் கூடத்தில் சேர்ந்தது அந்தச் சமயத்தில்தான். என்னை அடுக்கு மேசையில் போட்டார்கள். நீளமான மேசை. ஃபாரங்களை வரிசையாகக் குவித்து வைத்திருப்பார்கள். மேசையைச் சுற்றி நடந்தபடியே ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒன்று எடுத்து அடியில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். மடிக்கிறவர்களுக்கு ஒரு ஃபாரம்தான் தெரியும். அடுக்குகிறவர் கையில் எல்லா ஃபாரமும் வரும்.

அந்த வருடமும் நாவலின் மறுஅச்சு வந்தது. பின்னட்டையில் 'யாரிடமும் கையேந்தாத இரும்புப் பெண்ணின் காவியம்' என்று போட்டிருந்தார்கள். எட்டாவது ஃபாரத்தை எடுத்தேன். கடைசி வரி தெரிந்ததுதான். ஒன்பதாவதை எடுத்தேன். முதல் பக்கம் மேலே இருந்தது. படித்தேன். கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவள் என்மேல் முட்டிக்கொண்டாள். "என்ன, பாதி வழியில நங்கூரம் போட்டுட்டே?"

சாப்பாட்டு மணி அடித்ததும் ஒன்பதாவது ஃபாரத்தை எடுத்துக்கொண்டு பெரியம்மாவிடம் போனேன். சுவரோரம் டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் ஃபாரத்துக்காரியும் பக்கத்தில் இருந்தாள்.

"பெரியம்மா, கதவைச் சாத்திட்டு அவ உழப் போகலை."

"என்ன உளர்றே?"

"படிக்கட்டுமா?"

அவள் வேண்டாம் என்று சொல்லும் முன்பே ஒன்பது முந்திக்கொண்டாள். "படி, படி. இத்தனை வருஷமா மடிக்கறேன், என் ஃபாரத்துல என்னதான் இருக்குன்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

படித்தேன். 'கதவைச் சாத்திவிட்டு அவள்' என்பதற்கு அடுத்து, 'அதன்மேல் சாய்ந்தபடியே தரையில் சரிந்தாள்' என்று இருந்தது. காய்ச்சலில் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. வண்டிச் சத்தம் தேய்வதைக் கேட்டுக்கொண்டே கிடக்கிறாள். பிறகு தவழ்ந்து போய்க் கதவைத் திறக்கிறாள். செருப்பில்லாமல் உழுத மண்ணில் விழுந்து எழுந்து ஓடுகிறாள். பண்ணைக்காரியைக் கூப்பிடுகிறாள். தொண்டை கிழிய, ஒரு குழந்தை அம்மாவைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறாள்.

பெரியம்மா என் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது வேற யாராவது சேர்த்து எழுதினதா இருக்கும்."

"இல்லை பெரியம்மா. அதே புத்தகம்தான்."

"அவ அப்படிப்பட்டவ இல்லை."

"அப்படிப்பட்டவதான்னு என் ஃபாரம் சொல்லுதே, எட்டு!" என்றாள் ஒன்பது. பெரியம்மா சிரிக்கவில்லை. மடிப்பு அழுத்தும் மரத் துண்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

"அவ நிறுத்தினாளா?" என்று கேட்டாள்.

"யாரு?"

"வண்டிக்காரி. திரும்பி வந்தாளா, போயிட்டாளா?"

"நிறுத்தினா, பெரியம்மா. ஓடி வந்து தூக்கிட்டுப் போனா. தன் வீட்டுல படுக்க வெச்சா."

பெரியம்மா தலையை ஆட்டினாள். அன்று மாலை வேலை முடிந்ததும் அவள் தன் தெருவுக்குத் திரும்பவில்லை. என்னோடு எங்கள் வீடு வரை வந்தாள். வாசலில் நின்றாள். அம்மா கதவைத் திறந்ததும், "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னியே, வா" என்றாள். அம்மா போட்டது போட்டபடி கிளம்பினாள்.

டாக்டர் இளவயதுக்காரர். கட்டியை அழுத்திப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு நாள் எப்படிம்மா தாங்கினீங்க?" என்று கேட்டார். அதைப் பாராட்டு மாதிரிச் சொன்னார். நோய் அறுவை சிகிச்சை செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்பதை வெளியே அம்மாவிடம் மட்டும் சொன்னார். பெரியம்மா பெஞ்சில் உட்கார்ந்தபடி அம்மா முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சரி, அழாதே. நான்தான் சீக்கிரம் வந்திருக்கணும்" என்றாள்.

எங்கள் வீட்டு முன்னறையில் ஜன்னலோரமாக அவளுக்குக் கட்டில் போட்டோம். வலது கை முழுக்க வீங்கித் தலையணைமேல் கிடந்தது. குளிப்பாட்ட, தலைவார, ஸ்பூனால் பால் கொடுக்க அம்மாவை விட்டாள். முதல் சில நாட்கள் அம்மா தொடும்போதெல்லாம் அவள் உடம்பு விறைத்துக்கொள்ளும். "மரக்கட்டை மாதிரி ஆகாதே அக்கா. நான் என்ன கடன்காரனா?" என்பாள் அம்மா. பிறகு விறைப்பு விட்டது. ஒருநாள் அம்மா தலைவாரிக்கொண்டிருந்தபோது பெரியம்மா திடீரென்று அழ ஆரம்பித்தாள். பெரியப்பா போனபோது வராத அழுகை. அம்மா சீப்பை நிறுத்தவில்லை. அழுது முடிகிற வரைக்கும் வாரிக்கொண்டே இருந்தாள்.

அச்சு மங்கிப் போனதால் ஒதுக்கிய தாள்களில் ஒன்பதும் பத்தும் கிடைத்தன. மேஸ்திரியே சுருட்டிக் கொடுத்தார். தினமும் வேலை முடிந்து வந்து ஒன்பதாவதைப் படித்துக் காட்டுவேன். பண்ணைக்காரியின் வீடு, அடுப்பில் எரியும் விறகு, காய்ச்சல்காரியின் காலில் ஒட்டிய மண்ணை வெந்நீரில் கழுவுவது, அவள் வாயில் சூப்பை ஊட்டுவது. அந்தப் பதினாறு பக்கங்களில் வேறொன்றும் நடக்கவில்லை.

முடிந்ததும் பத்தாவதை எடுத்தேன். அதன் முதல் பத்தியிலேயே அவள் குணமாகி, குதிரையைப் பூட்டிக்கொண்டு தன் நிலத்துக்குப் போகிறாள். பெரியம்மா இடது கையை லேசாகத் தூக்கினாள்.

"எழுந்துட்டாளா?"

"எழுந்துட்டா, பெரியம்மா."

"சரி. அவ போகட்டும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நீ பழையதையே படி. அவ கதவைத் திறக்கற இடத்துலேர்ந்து."

அவள் இருந்த வரைக்கும் அதைத்தான் படித்தேன். பத்தாவது ஃபாரம் மடித்தபடியே அலமாரியில் இருக்கிறது.