ஏழாள் புல்வெளி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். செத்துப்போன புருஷனை வைத்துக் கதை கட்டும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை. என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் இந்த வில்ட்ஷையர் பக்கம் ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர் உண்டு. ஆற்றோரம் இருப்பது ஏழாள் புல்வெளி. ஏழு பேர் ஒரே நாளில் அறுத்து முடிக்கிற அளவு, அதனால் அந்தப் பெயர் என்று ஊரில் சொன்னார்கள். நானும் என் புருஷன் ஜெத்ரோவும் வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். சரி என்று தலையாட்டினோம்.

அந்த ஜூனில் ஊர் ஆண்களில் பாதிப் பேர் போருக்குப் போய்விட்டார்கள். அறுப்புக்கு ஜெத்ரோவையும் சேர்த்து ஆறு பேர்தான். வரிசைக்குத் தலைவன் சைலஸ் ட்ரூட், ஜெத்ரோவைக் கடைசியில் நிறுத்தினான்.

"வெளியூர்க்காரன் கை எப்படின்னு பாத்துருவோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெத்ரோவும்தான்.

ஒருவன் பின் ஒருவனாகப் படிக்கட்டு போல நின்று அறுப்பார்கள். ஆள் உயரக் காம்பு போட்ட அரிவாள். முன்னால் போகிறவன் சுணங்கினால், பின்னால் வருகிறவனின் வீச்சு குதிகாலைச் சீவிவிடும்.

விடிந்தும் விடியாத நேரம். இடுப்பளவு மூடுபனி. ரொட்டியும் பீர் ஜாடியும் எடுத்துக்கொண்டு போனேன்.

சர்ர்... சர்ர்...

பனிக்குள் ஆறு முதுகுகள். அறுந்து கிடந்த புல் வரிசைகள்... ஏழு.

மறுபடி எண்ணினேன். ஏழுதான். ஜெத்ரோவுக்குப் பின்னால் புல் தானாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

"கெசியா! பின்னால யாரு? காலை ஒட்டியே வர்றான்!" ஜெத்ரோ என்னைப் பார்த்துக் கத்தினார்.

"யாருமே இல்லைங்க! வெளிய வந்துருங்க!"

"முடியலடி..."

முன்னால் இருந்த ஐந்து பேரில் ஒருவன்கூடத் திரும்பவில்லை.

சர்ர்...

ஜெத்ரோ விழுந்தார்.

கணுக்காலுக்கு மேலே ஒரே வெட்டு. இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியால் இறுக்கிக் கட்டியும் ரத்தம் நிற்கவில்லை. என் மடியில்தான் போனார். சொந்த அரிவாள் பட்டுவிட்டது என்றார்கள். அந்த அரிவாளை நான்தான் எடுத்து வந்தேன். அதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் சைலஸ் வந்தான். வாசலிலேயே நின்றான்.

"அந்தப் பேரு அளவு இல்லம்மா. அந்தக் காலத்துல நிலத்துக்குக் குடுத்த வாக்கு. வருஷா வருஷம் ஏழு பேர் எறங்கணும். கொறைஞ்சா, அதுவே ஒரு ஆளை எறக்கும். கடைசில நிக்கறவனை எடுத்துக்கும்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஊருக்கே தெரியும்மா. அதான் அவரை அங்க நிக்க வெச்சோம்."